கேனில் வந்த கடல்

போன வாரம் ஹைதராபாத்தில், அல்வால் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தாரிணியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். இடது கால் செருப்பு மட்டும் மாட்டியாகிவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தாரிணிக்கு முப்பத்தாறு வயது. ஒன்பது வருடமாக ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரின் பழைய தகரக் கொட்டகையில், பவளம் வளர்க்கிறாள். கோடையில் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுக்கும்போது, உயிருள்ள துண்டுகளை எடுத்து வந்து தொட்டியில் வைத்துக் காப்பாற்றி, கடல் ஆறியதும் கொண்டுபோய்த் திரும்ப நடுவாள். சனிக்கிழமைதோறும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ஆராய்ச்சி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரே கொட்டகைதான்.

அதைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மீனவர் சங்கம் மனசு வைத்து எண்பது சென்ட் இடம் கொடுத்திருக்கிறது. ஒரே நிபந்தனை, சித்திரை பிறப்பதற்குள் அஸ்திவாரம் போட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே மீன் உலர்த்தும் களம் வரும். சித்திரைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

மையம் கட்ட மூன்று கோடி வேண்டும். அதைத் திரட்டும் பொறுப்பை மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் விஸ்வநாத் எடுத்துக்கொண்டான். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அந்த வட்டாரத்தில் அவன் ஏறாத லிஃப்ட் இல்லை. மூன்று வருடத்தில் நூற்று நாற்பது டீ-ஷர்ட்டும், ஒரு வேப்பங்கன்றும், ‘கடலைக் காப்போம்’ என்று அச்சடித்த பிளாஸ்டிக் பாட்டில்கள் அறுநூறும் வசூலாயின. கடைசியில், போன வியாழக்கிழமை, ராகவேந்திரா என்ற வீடு கட்டி விற்பவர் மூன்று கோடியையும் தானே தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா என்று அண்ணன் போன் செய்தான். ரயிலேறி வந்துவிட்டாள்.

வந்தவளிடம் இன்று காலை ஏழு மணிக்குத்தான் போகிற இடத்தைச் சொன்னான். ஹோட்டல் இல்லை. ஷாமீர்பேட்டையைத் தாண்டி ஒரு காலி மனை.

“காலி மனையில யாருடா செக் குடுப்பாங்க?” என்றாள் தாரிணி.

“வந்து பாரு, தெரியும்” என்று சொல்லிவிட்டு விஸ்வநாத் காரை வெளியே எடுக்கப் போனான். அந்தப் பதிலில்தான் அவள் வலது செருப்பை மாட்ட மறந்து நின்றது.

அம்மா லலிதா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருடம் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள். அந்தக் கண்ணாடித் துவாரத்துக்குள் கையை விட்டுக் கெஞ்சியவர்கள், அதட்டியவர்கள், ஒருமுறை சேவலோடு வந்து சேவலுக்கும் கீழ்ப் படுக்கை கேட்டவர், எல்லோரையும் ஒரே முகத்தோடு பார்த்திருக்கிறாள். ஓய்வு பெறும்போது கழித்துப்போட்ட பழைய முன்பதிவுப் படிவங்களை ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். பத்து வருடமாக அதன் பின்பக்கத்தில்தான் மளிகைக் கணக்கு எழுதுகிறாள். கட்டு இன்னும் தீரவில்லை.

காரில் முன் இருக்கையில் அண்ணி ஹர்ஷிதா. தெலுங்குப் பெண். தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது மாமியாரிடம் மட்டும். நாத்தனாரைப் பார்த்து வழக்கமாகச் சிரிப்பவள், இன்று கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஷாமீர்பேட்டையைத் தாண்டியதும் அந்த விளம்பரப் பலகை வந்தது. நான்கு மாடி உயரம். ‘பகடம் வில்லாஸ்’ என்று எழுதியிருந்தது. தெலுங்கில் பகடம் என்றால் பவளம். படத்தில் ஒரு பெண் மெத்தையில் படுத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு திமிங்கலம் அவளை விசாரிப்பதுபோல் எட்டிப் பார்க்கிறது. ‘ஹைதராபாத்தில் முதல்முறையாகக் கடலோர வாழ்க்கை’ என்று கீழே வாசகம்.

தாரிணி அதைப் படித்தாள். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அது ஒரு பாட்டில் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நசுக்கினாள்.

மனையில் ஷாமியானா போட்டு, முன்னூறு நாற்காலி போட்டு, நாதஸ்வரம்கூட வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் செங்கல், மஞ்சள், குங்குமம், தேங்காய், ஒரு புரோகிதர். வரவேற்பு வளைவில் எழுதியிருந்ததைப் படிக்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டாம். தாரிணியின் புகைப்படமே பெரிதாக இருந்தது. நிரந்தரப் பவளப்பாறை ஆராய்ச்சி மற்றும் கல்வி மையம். பூமி பூஜை.

கடல் அங்கிருந்து கிட்டத்தட்ட முன்னூறு கிலோமீட்டர். அதுவும் காக்கை பறக்கிற கணக்கில்.

ராகவேந்திரா கைகூப்பி எதிரே வந்தார். எட்டு விரலில் மோதிரம். மற்ற இரண்டு விரலும் போன் தடவ வேண்டியிருந்ததால் தப்பித்தவை. அவர் தெலுங்கில் விளக்கியதன் சாரம் இது. மையம் இங்கேதான் வருகிறது, வில்லாக்களுக்கு நட்டநடுவில். கடல்தண்ணீர் வாரம் ஒருமுறை டேங்கரில் வரும். அவருடைய தாயார் பெயர் வைக்கப்படும். வில்லா வாங்குகிறவர்களின் குழந்தைகளுக்கு அனுமதி இலவசம்.

தாரிணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் நாதஸ்வரக்காரரைப் பார்த்தான்.

“இது எங்க மையம் இல்ல சார். எங்க மையம் கடற்கரையில வரணும்” என்றாள்.

ராகவேந்திரா ஒன்றும் புரியாமல் உதவியாளரைக் கூப்பிட்டு ஃபைலை வாங்கி, பிரித்து, அவள் முன்னே நீட்டினார். பவளத்துக்காகத் தாரிணி நடத்தும் அறக்கட்டளையின் பெயர் அச்சடித்த தாள். மையத்தை ஷாமீர்பேட்டையில் அமைக்க முழுச் சம்மதம் என்று டைப் அடித்திருந்தது. கீழே தாரிணியின் கையெழுத்து. சந்தேகமே இல்லாமல் அவளுடையது.

அவள் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.

என்ன நடந்தது என்று விளங்க அவளுக்குச் சரியாக மூன்று வினாடி பிடித்தது. அறக்கட்டளையைப் பதிவு செய்தபோது கடற்கரையில் கதவெண் உள்ள வீடு கிடைக்காததால் அல்வால் முகவரியைத்தான் கொடுத்தார்கள். பேங்க் வேலைக்கு அவசரத்துக்கு ஆகும் என்று, கையெழுத்து மட்டும் போட்ட அறக்கட்டளைத் தாள் ஐந்தை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டுப் பீரோதானே.

அதற்குள் புரோகிதர், தம்பதி யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். தாரிணிக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே பலகையில் அவளுக்கு இடமில்லை. விஸ்வநாத்தும் ஹர்ஷிதாவும் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். ஒன்பது வருடம் கடலுக்குள் முங்கியவள், நாற்காலியின் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழிக்குள் நவரத்தினம் போட வேண்டும் என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். அதில் செக்கச்செவேலென்று ஒரு பவளமும் இருந்தது. மையத்தின் முதல் பவளம் இதுதான் என்று ராகவேந்திரா மைக்கில் அறிவித்தார். முன்னூறு பேர் கைதட்டினார்கள்.

அடுத்ததாக ஒரு வெள்ளை கேன் வந்தது. மாலை போட்டிருந்தார்கள். மசூலிப்பட்டினத்திலிருந்து இதற்காகவே ஆள் அனுப்பிக் கொண்டுவந்த கடல் என்று மைக் சொன்னது. சமுத்திரராஜனையே ஆவாகனம் செய்து குழியில் ஊற்றப் போகிறார்களாம்.

தாரிணி முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சாண் நீளக் குழாய் ஒன்றை எடுத்தாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற கருவி. சிலர் பையில் சீப்பு வைத்திருப்பதுபோல் அவள் அதை வைத்திருப்பாள். கேனைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நாதஸ்வரம் நின்றது. புரோகிதர், இது எந்த சாஸ்திரத்தில் வருகிறது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மந்திரம் சொல்லி வைத்தார்.

மைக்கை அவள் கேட்டு வாங்கவில்லை. அது ராகவேந்திராவின் கையில் இருக்கும்போதே அதன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“கடல் தண்ணில லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் உப்பு இருக்கும். இதுல ஆறு இருக்கு. எங்கம்மா வைக்கிற ரசத்துல இதைவிட ஜாஸ்தி. இது போர் தண்ணி. யாரோ உப்புப் பாக்கெட்டைக் கலக்கியிருக்காங்க.” மூச்சு விட்டுக்கொண்டாள். “ஒரு கேனுக்கே கடல் கொண்டுவர முடியலை. வாரா வாரம் டேங்கர்ல கொண்டுவரப் போறாராம்.”

தமிழில் சொன்னதை அவளே தெலுங்கில் ஒருமுறை சொன்னாள். பிறகு, பின்வரிசைக்காக இந்தியில். மூன்று மொழியிலும் ரசம் ரசமாகவே இருந்தது.

உப்புக் கலக்கியவன் ராகவேந்திராவின் மேனேஜர். அவன் அப்போதே எழுந்து கிளம்பினான். அந்த வேகத்தில் போனவன் மேட்சல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். நாற்காலி ஒன்றும் அவன் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு கூடவே போனதாகக் கேள்வி.

ராகவேந்திரா சிரித்தபடியே மைக்கை அணைத்தார். சிரிப்பு அப்படியே இருக்க, விஸ்வநாத்திடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கடிதத்தில் சொன்னபடி மற்ற வேலை நடக்கும் என்று மட்டும் தாரிணியின் காதில் விழுந்தது. அவளுக்கு இருந்த கொதிப்பில் அது என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் விஸ்வநாத் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான்.

மூன்று வருடம் நாய்மாதிரி அலைந்ததை முதலில் சொன்னான். அங்கே வாரத்துக்கு நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், இங்கே வைத்தால் நாற்பதாயிரம் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றான். பவளம் தொட்டியில் இருப்பதுதானே, தொட்டி எந்த ஊரில் இருந்தால் என்ன என்றான்.

“தண்ணி ரெண்டு டிகிரி ஏறினா செத்துப்போற உயிருடா அது. ஹைதராபாத் வெயில்ல வில்லாவுக்கு நடுவுல வெக்கப் பார்க்கிறே. அதுவுமில்லாம, புலிக்கு என்ன சட்டமோ அதேதான் பவளத்துக்கும். பர்மிட் என் பேர்ல, அந்தக் கொட்டகைக்கு மட்டும்தான் இருக்கு. என் கையெழுத்தைத் திருடி என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியா?”

“திருடலை. வீட்ல இருந்துச்சு, எடுத்தேன்.”

“கேட்டியா?”

“கேட்கறதுக்கு நீ எங்கே இருந்தே?” அவன் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான். “அப்பா போனப்ப ஏழு தடவை போன் பண்ணேன். ஏழு தடவை. நீ தண்ணிக்குள்ள இருந்தே. நீ வந்து சேர்றப்ப எல்லாம் முடிஞ்சு நான் தலைய மழிச்சுட்டு உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு எழுபது ஆச்சு. அடுத்த தடவையும் ஏழு தடவை அடிச்சுப் பார்க்க என்னால ஆகாது தாரிணி. அதான் உன் கடலை இங்கே கொண்டுவரலாம்னு பார்த்தேன்.”

நான்கு வருடமாக மூடி வைத்த கோபம்தான் கோபங்களிலேயே சூடானது. அன்று அந்தக் காரில் ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தும் ஹர்ஷிதாவின் பூச்சரம் வதங்கிவிட்டது.

“கைக்குடா” என்றாள் பின் இருக்கையிலிருந்து லலிதா. ஏன் என்று கேட்பதற்கு அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த ஹைதராபாத் தக்கனி வார்த்தைதான், வேண்டாம் என்பதற்கு நக்கோ. “என் பேரைச் சொல்லி கைக்குடா இதெல்லாம்? என்னைப் பார்த்துக்கோன்னு நான் உன்கிட்ட சொன்னேனா? எனக்காக யாரும் ஒண்ணும் பண்ண நக்கோ. வண்டியை எடு.”

கார் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் லலிதா புடவை மாற்றக்கூட நிற்கவில்லை. நேராகப் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவை அடுக்குக்கு அடியிலிருந்த உறையை எடுத்தாள். உள்ளே இருந்த தாள்களைக் கூடத்து மேஜையில் ஒவ்வொன்றாகப் போட்டாள். கவுண்டரில் டிக்கெட் எண்ணிப் போடுகிற அதே விரல்.

மூன்று இருந்தது.

“அஞ்சு வெச்சிருந்தே. அந்த ஆளுகிட்ட ஒண்ணு பார்த்தோம்.” மகனைப் பார்த்தாள். “இன்னொண்ணு எங்கேடா?”

விஸ்வநாத் உட்கார்ந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் தாரிணியின் போன் அடித்தது. கொட்டகையில் அவளோடு ஆறு வருடமாக வேலை பார்க்கிற நஸ்ரின். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, லாரி வந்து நிக்கிது. மதுரையில இருந்து வந்திருக்கு. தொட்டியில உள்ளதெல்லாம் ஏத்திவிடச் சொல்லி நீங்க கடுதாசி குடுத்தீங்களாமே. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வாங்கிக்கிறது யாருன்னு அண்ணன் பேரு எழுதியிருக்கு. நாலு பிளாஸ்டிக் டிரம்மும் ஏழெட்டு ஆளும் வந்திருக்காக. தண்ணிக்கு என்ன செய்வீங்கன்னு கேட்டா, வழியில பிடிச்சுக்கலாங்கிறான்.”

தாரிணி போனை மேஜை நடுவில் வைத்தாள்.

“பர்மிட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்னு ராகவேந்திரா சொன்னார்” என்றான் விஸ்வநாத். யாரும் அவனைக் கேட்கவில்லை. தன் போனை எடுத்து அவரை அழைத்தான். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தான். மூன்றாவது முறை எழுந்து நின்றுகொண்டு அழைத்தான். மைக்கில் ரசத்தோடு ஒப்பிடப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பதாக இல்லை.

ஏழாவது முறை அடித்து ஓய்ந்ததும் போனை மேஜையில் வைத்தான். தாரிணியும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா, கேட்டுனு பேரு, வலையைத்தான் கட்டிவெச்சிருக்கோம். ரொம்ப நேரம் நிப்பாட்ட முடியாது. ஃபாரஸ்ட் ரேஞ்சருக்கு அடிச்சா கால் மணியில வந்து மடக்கிருவாரு. ஆனா கடுதாசியில உள்ள பேருக்குத்தானே கேஸு போடுவாக. என்ன செய்யட்டும்? சொல்லுங்க.”

நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் எந்தத் தீவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தாள் என்று தாரிணியால் சொல்ல முடியும். ஒரு வார்த்தை சொன்னால் அவை பிழைக்கும். அந்த வார்த்தை அண்ணனின் கையில் விலங்கு மாட்டும், பெரும்பாலும் அவள் கையிலும். வாயைத் திறந்து, அண்ணனைப் பார்த்து, மூடிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு முன் மூன்று மொழியில் பேசிய வாய்.

லலிதா மேஜையிலிருந்த தாரிணியின் போனைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“நஸ்ரின், நான் லலிதாம்மா. ரேஞ்சருக்கு அடிம்மா. பேர் கேட்டா ரெண்டு பேரையும் எழுதிக்கச் சொல்லு. பெரியவன் பேரை முதல்ல.”

“அம்மா” என்றான் விஸ்வநாத்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. சமையலறை ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் முதல்முறையாக அதன் முன்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். புறப்படும் இடம், செகந்திராபாத். சேருமிடம், ராமநாதபுரம். அந்தப் படிவத்தை இப்போது எந்தக் கவுண்டரிலும் வாங்க மாட்டார்கள் என்பது அந்தக் கூடத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பயணிகள் என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதி நிறுத்தினாள்.

“நாலு, அத்தய்யா” என்றாள் ஹர்ஷிதா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. லலிதா நான்காவது பெயரையும் எழுதினாள்.

திரும்பும் தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சற்று யோசித்துவிட்டுப் போனைப் பார்த்துக் குனிந்தாள்.

“நஸ்ரின், இருக்கியாம்மா? ரேஞ்சர் வந்தா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. இந்த மாதிரி கேஸுக்கு ஜாமீன் எத்தனை நாள்ல கிடைக்கும்?”